தவறவிட்டாலும் ஒரு பாயிண்ட்

எங்கள் கம்பெனி கேன்டீனில் இரண்டு வெள்ளைக்காரர்கள் நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு பொரிப் பொட்டலம். எதிர்ச் சுவரில் இருந்த டி.வி.யில், முட்டை வடிவ மைதானத்தில், முட்டை வடிவப் பந்து ஒன்றை முப்பத்தாறு பேர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை, காலை பத்தரை மணி. அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்ததால், ஓசூரில் பாதிக் கம்பெனிகள் சனிக்கிழமையே பூஜை போட்டுவிட்டன. எங்கள் வாசலிலும் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. மெஷின்களைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, ஸ்விட்சை அணைத்து ஓய்வு கொடுத்துவிட்டோம். பண்டிகை முடியும்வரை எதையும் தொடக் கூடாது.

விருந்தாளிகளில் உயரமாக, உம்மென்று இருந்தவர் கிரெய்க். மெல்போர்ன்காரர். எங்களிடம் பம்பு வார்ப்படங்கள் வாங்கும் ஆஸ்திரேலியக் கம்பெனியின் தர மேலாளர். சிரித்துக்கொண்டே பொரி மென்றவர் டெர்ரி. சிட்னிக்காரர். அதே கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். எங்கள் தொழிற்சாலையைச் சோதிக்க இருவரும் முந்தின நாள்தான் வந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் நான். இருபத்தாறு வயது பரிமளா. நாகரசம்பட்டியில் பிறந்து, பர்கூரில் இன்ஜினியரிங் முடித்து, அந்தக் கம்பெனியின் தரப் பிரிவில் வேலை பார்த்தவள்.

அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன ஆட்டமோ இது!" என்றார் டெர்ரி. "பரிமளா சொன்னது சரிதான். அவங்க ஊர்ச் சந்தையில கயிறு அறுத்துக்கிட்டு ஓடுற ஆட்டுக்குட்டிய ஊரே துரத்துற மாதிரி இருக்கு."

கிரெய்க் மெதுவாகத் திரும்பினார்.

"அப்படியா சொன்னா? எங்கிட்ட உங்க ஆட்டத்தைப் பத்தில்ல சொன்னா. பண்டிகைக்கு முதல் நாள் கிருஷ்ணகிரி பஸ் ஏறுற மாதிரின்னு. ஆறு தடவை முட்டிப் பார்த்துட்டு, அப்புறம் படிக்கட்டை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துடுவாங்களாம்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் டி.வி.யைப் பார்த்தேன்.

திங்கட்கிழமையின் விஞ்ஞானம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் வாய்தான் எனக்கு எதிரி என்று தெரிந்திருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் வாயை வளர்த்தது நானில்லை, என் வேலை.

தினமும் காலை எட்டரை மணிக்கு ஆஸ்திரேலியாவுக்கு போன் போட வேண்டும். அங்கே அப்போது மத்தியானம். நாங்கள் அனுப்பிய வார்ப்படங்களில் என்னென்ன குறை என்று கிரெய்க் வாசிப்பார். நான் "எஸ் சார்" சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். சில திங்கட்கிழமைகளில், மயிரிழை போன்ற கீறலைக்கூட அவர் பூகம்பத்தில் பிளந்த பாறை மாதிரி வர்ணித்தார். வேறு சில திங்கட்கிழமைகளில், விரல் நுழையும் பள்ளத்தை "பரவாயில்லை, பெயின்ட் அடித்தால் தெரியாது" என்றார். எங்கள் உலையில் தினமும் ஒரே இரும்பு, ஒரே மணல். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு திங்களன்று அவரே சொன்னார். "மன்னிச்சுக்கோ பரிமளா. சனிக்கிழமை எங்க டீம் தோத்துடுச்சு."

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தரக் கட்டுப்பாட்டுக்கு வேண்டிய தகவல் எங்கே இருந்தாலும் தேடுவது என் கடமை அல்லவா?

கிரெய்க்கின் அணி தோற்ற வாரம் "நடுவர் ஏமாத்திட்டார் சார்" என்றேன். ஜெயித்த வாரம் அவருக்கு முன்னால் நான் குதித்தேன். கொஞ்ச நாளில் டெர்ரியும் போனில் சேர்ந்துகொண்டார். அவருக்கு அந்த ஆட்டத்தின் பெயரே வேப்பங்காய். அவருடைய ஊரில் ரக்பி லீக்தான் வேதம். சரி, அதையும் படித்தேன். கிரெய்க் இல்லாதபோது டெர்ரியின் ஆட்டத்தைப் புகழ்ந்தேன், டெர்ரி இல்லாதபோது கிரெய்க்கின் ஆட்டத்தை. இல்லாதவரின் ஆட்டத்தைக் கொஞ்சம் கிண்டலும் செய்தேன். ஆட்டுக்குட்டியும் கிருஷ்ணகிரி பஸ்ஸும் அப்படிப் பிறந்தவைதான்.

பொய்யாகத் தொடங்கினேனே தவிர, அடுத்த மழைக்காலத்துக்குள் நிஜமாகவே பைத்தியமாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு சேனலில் ஒரு மணி நேரம் காட்டுவார்கள். வீட்டுக்கார அம்மாவின் டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். "யாரும்மா ஜெயிக்கிறாங்க?" என்று அவர் கேட்பார். "இன்னும் தெரியலைங்கக்கா." "தெரிஞ்சதும் சொல்லு, நான் சீரியல் வெக்கணும்."

நான்கு பங்காளிகள்

இப்போது என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் யாரும் கேட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஃபுட்பால் என்று நான்கு ஆட்டங்கள் இருக்கின்றன. நான்கு பங்காளிகள் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, "நான்தான் மூத்தவன்" என்று சண்டை போடுவதைப் போல. உலகமே காலால் ஆடுகிற ஃபுட்பால் அங்கேயும் உண்டு. ஆனால் அதற்கு மட்டும் சாக்கர் என்று பெயர் வைத்து வெளியே நிறுத்திவிட்டார்கள். காலை அதிகம் பயன்படுத்துகிறவனுக்குக் கால்பந்து என்று சொல்ல உரிமை இல்லை.

அடுத்து ரக்பி யூனியன். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுவது. ஒரு குவியலாக விழுவார்கள். விசில் ஊதும். ஏன் ஊதியது என்று ஆடுகிறவர்களும் நடுவரைக் கேட்பார்கள். எனக்கு எங்கள் ஜெனரல் மீட்டிங் ஞாபகம் வரும்.

மூன்றாவது டெர்ரியின் ரக்பி லீக். ஆறு தடவை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்தை எதிரணிக்கு விட்டுவிட வேண்டும். இதில் பந்தைக் கையால் முன்னால் கொடுக்கக் கூடாது, பின்னால்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் பின்னால் இருக்கிறவனிடம் தள்ளிவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் ஃபைல் நகர்வதைப் பார்த்துத்தான் இந்த விதியை எழுதியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நான்காவது கிரெய்க்கின் ஆட்டம். மெல்போர்ன்காரர்களின் சொந்தச் சரக்கு. ஒருவன் தோள்மேல் முழங்காலை ஊன்றி இன்னொருவன் எகிறிப் பந்தைப் பிடிப்பான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு பாயிண்ட். குறி தவறி ஓரத்து இடைவெளியில் போனாலும் ஒரு பாயிண்ட்! முயற்சி செய்தாய் அல்லவா, வைத்துக்கொள் என்று. ரயில்வே கார்டு மாதிரி ஒருவர் கொடியை ஆட்டி அதை ஊருக்கே அறிவிப்பார். குறி தவறியதற்குக் கொடி காட்டும் தேசம் வேறு எங்கேனும் உண்டா?

எங்கள் சோதனைப் பிரிவில் நஞ்சம்மா என்று ஒரு தொழிலாளி இருந்தார். அத்திப்பள்ளிப் பக்கம், கன்னடக்காரர், கான்ட்ராக்ட் வேலை. செல்போனில் வந்த ஒரு சின்னப் படத்தை அவருக்குக் காட்டினேன்.

"எங்க ஊர்ல எருது விடறாங்க இல்ல மேடம், அதேதான்" என்றார் உடனே. "ஓடறது ஒண்ணு, துரத்தறது ஊரு. ஆனா நம்மூர்ல எருதுக்குப் பரிசு உண்டு. இங்க அந்தப் பந்துக்கு என்னா குடுப்பாங்க?"

இதுவரை நான் படித்த விமர்சனங்களில் இதுதான் சிறந்தது.

அரியர் வைத்துப் பாஸாவது

செப்டம்பரில் கிரெய்க்கின் ஆட்டத்துக்கு இறுதிச் சுற்றுகள் தொடங்கும். முதல் எட்டு அணிகள் மோதும். மேலே இருக்கும் நான்கும் முதல் வாரம் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டாம். இன்னொரு வாய்ப்பு உண்டு. பர்கூரில் இரண்டு பேப்பர் அரியர் வைத்து எழுதிப் பாஸான எனக்கு, இந்த ஏற்பாட்டின் மனிதாபிமானம் சட்டென்று புரிந்தது.

அந்த வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. மெல்போர்ன் ஆட்டத்தின் இறுதிப் போட்டிக்கு ஒரு மெல்போர்ன் அணிகூட வரவில்லை. வந்தது சிட்னியும் பெர்த்தும். மறுநாள் சிட்னியில் ரக்பி லீக் இறுதி. அதற்குச் சிட்னி அணி எதுவும் வரவில்லை. வந்தது பிரிஸ்பேனும் மெல்போர்னும். இவர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் வீட்டு மாப்பிள்ளை, அவர் வீட்டுக் கல்யாணத்தில் இவர் வீட்டு மாப்பிள்ளை.

அதனால்தான் அன்று கேன்டீனில் டெர்ரி, தான் வெறுக்கும் ஆட்டத்தில் தன் ஊருக்காகக் கத்திக்கொண்டிருந்தார். கிரெய்க்கோ, உயிருக்குயிரான ஆட்டத்தில், ஜன்மத்தில் போயிராத பெர்த்துக்காகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பெர்த் ஜெயிக்க வேண்டும் என்பதல்ல. சிட்னி ஜெயிக்கக் கூடாது.

கிரெய்க் கேட்ட கேள்வி

பெர்த் ஜெயித்தது. வித்தியாசம் ஒரே ஒரு பாயிண்ட்.

டெர்ரி பொரிப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்தார். கிரெய்க் எழுந்து நின்று, தோள் இரண்டையும் தளர்த்தி, பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கலக்கியது.

"பரிமளா, உனக்கு எந்த ஆட்டம் பிடிக்கும்னு கேட்கப் போறதில்லை. அது உன் இஷ்டம். ஆனா ஆளுக்குத் தகுந்த மாதிரி இவ்வளவு அழகாப் பேசற. நீ அனுப்புற ரிப்போர்ட்டும் அப்படித்தானா?"

சும்மா கேட்டாரா, குத்திக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது. சிரித்து மழுப்பியிருக்கலாம். டெர்ரி ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

எங்கள் வார்ப்படங்களை அனுப்புவதற்கு முன் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். பெரிய வித்தை இல்லை, பஞ்சர் கடையில் செய்வதுதான். ஓட்டைகளை ரப்பரால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்குவது. குமிழி வந்தால் கழித்துவிட வேண்டும். வியாழன் அன்று நூற்றிருபது உருப்படிகள். நாற்பது முடிந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்ப மறுத்தது.

"மேடம், நாப்பதுதான் ஆச்சு" என்று நஞ்சம்மா வந்து சொன்னார். நான் பிளான்ட் மேனேஜர் ரங்கநாதன் சாரிடம் போனேன். திருச்சிக்காரர், நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

"நாளைக்கு அவங்க வந்து நிக்கிறாங்கம்மா. பெட்டி கட்டியிருக்கணும். நாப்பதுல ஒண்ணுகூட லீக் இல்லையே? அப்ப மீதியும் இருக்காது. நூத்திருபதுன்னு போட்டுடு."

போட்டேன். கையெழுத்து என்னுடையது. அந்த எண்பதும் பெட்டிக்குள் ஆணி அடித்து, கன்டெய்னருக்காகக் காத்திருந்தன.

இப்போது நான் வாயைத் திறந்தால் ஆர்டர் போய்விடலாம். ஆர்டர் போனால் முதலில் வேலை போய் நிற்பது கான்ட்ராக்ட் ஆட்கள். நஞ்சம்மா சாம்பார்ச் சாதத்தோடு நான்கு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதுதான் என்னை உறுத்தியது. நான் சொன்னதை எல்லாம் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்த மனிதர் எதிரில் நின்றார்.

"எல்லா ரிப்போர்ட்டும் இல்ல சார்" என்றேன். "ஒண்ணு. வியாழக்கிழமையது. எண்பது டெஸ்ட் பண்ணலை. நான்தான் பண்ணினதா எழுதினேன்."

லட்டுத் தட்டோடு வந்துகொண்டிருந்த ரங்கநாதன் சார் அப்படியே நின்றுவிட்டார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

கிரெய்க்கின் சிரிப்பு போய்விட்டது. "பெட்டிகளைத் திறங்க. நான் திங்கட்கிழமை கிளம்பறதுக்குள்ள எண்பதும் டெஸ்ட் ஆகணும்."

பின்னால் வராந்தாவில் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பந்தாட்டம் பேச ஆரம்பிச்சு என் கழுத்துல கொண்டாந்து முடிச்சிட்டியே! நாளைக்கு ஆயுத பூஜைம்மா. பூஜை போட்ட மெஷினை யாரும்மா தொடுவா?"

பொட்டு வைத்த தொட்டி

நஞ்சம்மா தொட்டார்.

ஞாயிறு காலை அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லி அனுப்பியதோடு சரி. தலை நிறையப் பூவோடு, புதுப் புடவையில் வந்து நின்றார்.

"என்மேல கோவமா நஞ்சம்மா?" என்றேன்.

"கோவந்தான். நாப்பதுன்னு நான் சொன்னேன். நீங்க நூத்திருபதுன்னு எழுதினீங்க. என் வாய்க்கு மரியாதை இல்லையா மேடம்?"

அவர் தொட்டியின் மேலிருந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்தார். தான் வைத்த குங்குமப் பொட்டை மட்டும் அழிக்கவில்லை. இரண்டு கையாலும் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தப்பாய்த்து, மன்னிசு தாயி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

டெர்ரி சட்டையைக் கழற்றி, பனியனோடு பெட்டிகளின் ஆணியைப் பிடுங்கினார். ரங்கநாதன் சாரும் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வார்ப்படங்களைத் தூக்கிக் கொடுத்தார். கிரெய்க் தொட்டியருகே குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சிட்னியில் ரக்பி லீக் இறுதி நடந்துகொண்டிருந்தது. கேன்டீன் டி.வி. ஐம்பதடி தூரம்தான். டெர்ரி போகவில்லை. அவர் மனைவி ஸ்கோரை மெசேஜில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"மெல்போர்ன் பின்னாடி இருக்கு!" என்று ஒருதரம் கூவினார்.

"அது உங்க ஆட்டம். எனக்கென்ன?" என்றார் கிரெய்க். இரண்டு நிமிஷம் கழித்து, "எவ்வளவு பின்னாடி?" என்றார். நான் எண்ணினேன். அரை மணி நேரத்தில் மூன்று தடவை கேட்டார்.

ஐம்பத்தேழாவது வார்ப்படம். நஞ்சம்மா அதைத் தண்ணீரில் அமுக்கினார். அடிப்பக்கத்திலிருந்து கடுகு அளவில் ஒரு குமிழி ஏறி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. நஞ்சம்மா அதை வெளியே எடுத்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, ஓரமாக வைத்தார். எழுபத்திரண்டாவதிலும் வந்தது.

எண்பதில் இரண்டு.

கிரெய்க் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நேத்து நீ சொல்லலைன்னா, இந்த ரெண்டும் யாரோ ஒரு விவசாயி வீட்டுப் பம்பில போய் உட்கார்ந்திருக்கும்" என்றார். "நேத்து நீ சொல்லலைன்னா" என்பதற்குப் பதில், "வியாழக்கிழமை நீ பொய் எழுதாம இருந்திருந்தா" என்று அவர் ஆரம்பித்திருக்கலாம். விட்டுவிட்டார். எனக்கு அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

பிரிஸ்பேன் ஜெயித்தது. தன் ஆட்டத்தின் இறுதிப் போட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத டெர்ரி, மெல்போர்ன் தோற்ற சந்தோஷத்தில் நஞ்சம்மாவுக்குக் கை கொடுத்தார். எதற்கென்று தெரியாமலே நஞ்சம்மாவும் கொடுத்தார்.

ஐந்து ஏன்

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் நஞ்சம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கிரெய்க் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுவரை சம்பளப் பட்டியலில் மட்டும் கையெழுத்துப் போட்ட நஞ்சம்மா, கன்னடத்தில், ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல வளைத்துப் போடுவார். போடுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பார். நான் காத்திருப்பேன்.

கிரெய்க் இன்னொன்றும் கேட்டிருந்தார். தவறு நடந்தால் எங்கள் தொழிலில் ஒரு படிவம் உண்டு. "ஏன்?" என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து முறை பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதில்தான் மூலகாரணம் என்பது ஐதீகம்.

ஏன் பொய் எண்ணிக்கை எழுதப்பட்டது? சோதனை முடியவில்லை. ஏன் முடியவில்லை? கரண்ட் இல்லை. கரண்ட் வரும்வரை ஏன் காத்திருக்கவில்லை? விருந்தாளிகள் வருகிறார்கள். வந்தால் உண்மையை ஏன் சொல்லக் கூடாது? கோபித்துக்கொள்வார்கள் என்று பயம். ஏன் பயம்?

ஐந்தாவது கட்டத்தில் நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்: "எதிரே இருப்பவருக்குப் பிடித்ததை மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம்."

ரங்கநாதன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதை அனுப்பினா அவங்களுக்குப் பிடிக்காதும்மா" என்று சொல்லி, அதை அடித்துவிட்டு, மேலே "பயிற்சி போதவில்லை" என்று எழுதினார்.

பயிற்சி போதவில்லை என்று எழுதிவிட்டால் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அடுத்த மாதமே என்னைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு. சுற்றுவட்டாரக் கம்பெனிகளிலிருந்து முப்பது பேர் வந்திருந்தோம். கோட் போட்ட பயிற்சியாளர் ஒருவர் முதல் பாடத்தைத் திரையில் காட்டினார். வாடிக்கையாளரிடம் நெருக்கம் வளர்க்க வேண்டுமா? அவருக்குப் பிடித்த விளையாட்டு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.

எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் பெயர் அட்டையையும் கம்பெனியையும் பார்த்துவிட்டு, ரகசியமாகச் சாய்ந்தார்.

"மேடம், நீங்க ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புறீங்க இல்ல? எங்களுக்கும் அங்கேர்ந்து ஒரு ஆர்டர் வருது. அவங்களுக்கு என்ன விளையாட்டுங்க பிடிக்கும்?"

"எந்த ஊர்க்காரர்?" என்றேன்.